வீடு தேடிக் கொடுப்பது பாதி வேலைதான்

கொழும்பில் வாடகைக்கு இருக்கும் ஒருவரிடம், வீடு மாற எவ்வளவு செலவாகும் என்று கேட்டுப் பாருங்கள். வாடகையைச் சொல்ல மாட்டார், அட்வான்ஸைத்தான் சொல்வார். ஆறு மாதம் என்பார். வெள்ளவத்தைப் பக்கம் என்றால் ஒரு வருடம் என்றும் சொல்வார். அதற்குப் பிறகுதான் புரோக்கர் காசு, லொறிக் கூலி, புதுப் பூட்டு, வண்ணப்பூச்சு.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் புறக்கோட்டையில் நாட்டாமை, அதாவது மூட்டை தூக்குபவர். மனைவி இரண்டு வீடுகளில் சமைக்கிறார். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒன்றரை அறை. கணக்குக்காக மாத வாடகை 25,000 ரூபாய் என்று வைப்போம். வந்தபோது கொடுத்த அட்வான்ஸ் வாடகையில் கழிந்து போய்விட்டது. அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு மாதம் மூட்டை தூக்க முடியவில்லை. வாடகைப் பாக்கி 50,000.

இப்போது வீட்டுக்காரர் போகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அதே வாடகையில் இன்னொரு வீடு கிடைத்தாலும் ஆறு மாத அட்வான்ஸ் 150,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 25,000. லொறிக்கும் ஏற்றி இறக்குவதற்கும் ஒரு 10,000. ஆக 185,000. ஐம்பதாயிரம் கட்ட முடியாதவரிடம் நாம் எதிர்பார்ப்பது அதைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். அவரிடம் அது இல்லை. எனவே பிள்ளைகள் மாமியார் வீட்டுக்கு, மனைவி வேலை செய்யும் வீட்டின் குசினிப் பக்கத்துக்கு, அவர் கடையின் மூட்டைகளுக்கு நடுவில். ஒரு குடும்பம் மூன்றாகிவிட்டது. வீதியில் யாரும் படுக்கவில்லை. ஆனாலும் வீடு போய்விட்டது.

வீடிழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு உதவுவது என்று சமூக சேவைக்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வீடு இல்லாதவருக்கு வீடு தேடிக் கொடுப்பது. மற்றது, வீடு இருப்பவர் அதை இழக்காமல் பார்த்துக்கொள்வது. புதிதாகக் கிடைத்த வீட்டில் அவர் நிலைத்து இருக்கத் துணை நிற்பதும் இதில் சேரும். முதலாவதற்குத்தான் கைதட்டல் கிடைக்கும். சாவியைக் கையில் கொடுக்கும் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டாவது வேலையைப் படம் எடுக்க முடியாது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை.

வீடற்றவர் என்றால் யார்?

கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னாலும் புறக்கோட்டைக் கடை வாசல்களிலும் இரவில் படுத்திருப்பவர்கள்தான் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் இந்தக் கதையின் கடைசிப் படி. ஐரோப்பாவில் இத்துறையில் வேலை செய்பவர்கள் வீடின்மையை நான்காகப் பிரிக்கிறார்கள்: கூரையே இல்லாதவர்கள்; கூரை இருந்தும் விடுதி, முகாம் போன்ற தற்காலிக இடத்தில் இருப்பவர்கள்; எப்போது வெளியே போகச் சொல்வார்களோ என்ற நிலையில் இருப்பவர்கள்; மனிதர் வாழத் தகாத இடத்தில் வாழ்பவர்கள்.

இந்த நான்கையும் கொழும்புக்குக் கொண்டுவந்தால் கூட்டம் பெருகிவிடும். செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ பதினெட்டு வயதில் வருகிறார்கள். பகலில் விற்பனை, இரவில் அதே கடையின் மேல்மாடியில் பாய். முதலாளி சாப்பாடும் தருகிறார், தங்க இடமும் தருகிறார், அதனால் சம்பளம் குறைவு. நல்ல ஏற்பாடு போலத்தான் தெரியும். வேலை போகும் நாளில்தான் அதன் மறுபக்கம் தெரிகிறது: வேலையும் இடமும் ஒரே நாளில் போகும். வீட்டு வேலைக்கு வந்து எசமானர் வீட்டிலேயே தங்கியிருக்கும் பெண்களுக்கும் இதே கதிதான். அவர்களுக்குச் சண்டை போட்டுவிட்டு வெளியே வரக்கூட வழியில்லை, ஏனென்றால் வெளியே என்பது எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. இவர்களை எந்தக் கணக்கிலும் வீடற்றவர் என்று எழுதுவதில்லை.

அப்புறம் லொட்ஜில் இருப்பவர்கள். கொழும்புத் தமிழர்களுக்கு லொட்ஜ் என்ற சொல்லுக்குள் ஒரு காலமே இருக்கிறது. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வெளிநாட்டுப் பயணத்துக்கோ வைத்தியத்துக்கோ வந்தவர்கள் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அப்போது வாடகை வீடு என்றால் பொலிஸ் பதிவு வேண்டியிருந்தது. பதிவுத் துண்டைக் கண்டால்தான் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் பொலிஸார் லொட்ஜுகளில் இருந்த சுமார் 370 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. வாடகை ஒழுங்காகக் கட்டியவர்களும் அந்தப் பஸ்களில் இருந்தார்கள். இருப்பிடத்தின் பாதுகாப்பு வாடகையில் மட்டும் இல்லை என்பது இந்த நகரத்துத் தமிழர்களுக்குப் புத்தகம் சொல்லித் தெரிந்த விடயமல்ல.

கடைசியாக முடுக்குகளும் தோட்டங்களும். கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் அல்ல. ஒரே வளவுக்குள் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையுமாக நெருங்கி நிற்கும் சிறு வீடுகள். நகர அபிவிருத்தி அதிகார சபை சென்ற தசாப்தத்தின் தொடக்கத்தில் எடுத்த கணக்கில், வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழும் குடும்பங்கள் சுமார் 68,000 என்று வந்தது. இவர்களில் பலருக்கு அது இரண்டு, மூன்று தலைமுறை வீடு. சேரி என்று வெளியில் இருப்பவர் சொல்வார். அங்கே இருப்பவர் அப்படிச் சொல்லமாட்டார்.

வீடு எப்படிக் கையை விட்டுப் போகிறது

திடீரென்று போவதில்லை. பெரும்பாலும் ஒரு சிறு இடறலில் தொடங்குகிறது. நோய், வேலை இழப்பு, கணவன் விட்டுப் போவது, வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம். 2022இல் நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் அந்த இடறல் வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. சம்பளம் அப்படியே இருக்க, அரிசியும் காஸும் பஸ் கட்டணமும் ஏறின. அடுத்து மின்கட்டணம் ஏறியது.

காசு போதாதபோது மனிதர் எதை முதலில் நிறுத்துவார்? சாப்பாட்டைக் குறைப்பார், நகையை அடகு வைப்பார், சீட்டை முன்கூட்டியே எடுப்பார், கிழமைக் கட்டுக்காசுக்கு லோன் எடுப்பார். வாடகையை விடுவது கடைசியாகத்தான். எனவே வாடகைப் பாக்கி விழுந்த வீட்டில் அதற்கு முன்பே மூன்று, நான்கு கடன்கள் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். உதவப் போகிறவர் பாக்கியை மட்டும் கட்டிவிட்டுத் திரும்பினால், அடுத்த மாதம் லோன்காரர் வந்து நிற்பார். வாடகைக் காசு அவர் கைக்குப் போகும்.

இதில் இன்னொன்றும் உண்டு. பாக்கி விழுந்தவர் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒளிவார். காலையில் அவர் எழும்புவதற்கு முன் போய், இரவில் அவர் படுத்த பிறகு வருவார். போன் எடுக்கமாட்டார். வெட்கம்தான் காரணம். ஆனால் வீட்டுக்காரருக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. காசு இல்லாததைவிட இந்த ஒளிவு மறைவால்தான் உறவு முறிகிறது. இந்த இடத்தில் மூன்றாம் ஆள் ஒருவர் வந்து இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். "அங்கிள், இந்த மாசம் பாதியத் தர்றேன், மிச்சத்த நாலு மாசமா வாடகையோட சேத்துக் கட்டுறேன்" என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குத் துணிவு வர இரண்டு மாதம் ஆகிறது.

வீடு தேடும்போது

வீடு தேடிக் கொடுக்கும் வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் இதைப் பெரும்பாலும் எல்லோரும் ஊகிப்பார்கள். அட்வான்ஸுக்குக் கடனோ உதவியோ ஏற்பாடு செய்வது, புரோக்கருடன் பேசுவது, வீட்டைப் போய்ப் பார்ப்பது, வேலைக்கு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுவது. மலிவாகக் கிடைக்கிறது என்று வத்தளைக்கு அப்பால் ஒரு வீட்டை எடுத்துக் கொடுத்தால், விடியற்காலை நான்கு மணிக்குப் புறக்கோட்டையில் நிற்கவேண்டிய நாட்டாமைக்கு அது வீடே அல்ல.

ஊகிக்க முடியாதது வேறு ஒன்று. பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று ஆகிவிடுவது. சில விளம்பரங்களில் இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே இருக்கும். சிலவற்றில் சைவம் மட்டும், குடும்பத்துக்கு மட்டும். தனியாக இருக்கும் பெண், கணவன் இல்லாமல் பிள்ளைகளுடன் வரும் தாய், ஆஸ்பத்திரியில் மனநோய்க்கு மருந்து எடுப்பவர், சிறையிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் வீடு "இப்பத்தான் போச்சு". இத்தகைய ஆளுடன் வீட்டுக்காரருக்குத் தெரிந்த, நம்பிக்கையான ஒருவர் கூடப் போனால் கதவு திறக்கிறது. அது கோயில் தர்மகர்த்தாவாக இருக்கலாம், பாதராக இருக்கலாம், பள்ளிவாசல் நிர்வாகியாக இருக்கலாம், அதே ஒழுங்கையில் கடை வைத்திருக்கும் நாநாவாக இருக்கலாம். வீட்டுக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: பிரச்சினை வந்தால் நான் யாருக்குப் போன் பண்ணுவது? அதற்குப் பதிலாக ஒரு ஆளும் ஒரு நம்பரும் இருப்பது இந்த வேலையின் முக்கியமான கருவி.

வீடு கிடைத்த அன்றே இரண்டு காரியம் செய்யவேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் வைப்பது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் துண்டு வாங்குவது. "நம்ம ஆள்தானே" என்று வாய்ப்பேச்சில் விட்ட அட்வான்ஸ்கள்தான் பிறகு கண்ணீராக முடிகின்றன. துண்டு தர மாட்டேன் என்பவருக்கு வங்கிக் கணக்கில் போடுங்கள், அதுவே சாட்சி.

முகவரி என்ற சொத்து

வீட்டை இழப்பவர் சுவரையும் கூரையையும் மட்டும் இழப்பதில்லை, விலாசத்தையும் இழக்கிறார். இலங்கையில் விலாசம் என்பது லேசான விடயமல்ல. தேசிய அடையாள அட்டை எடுக்கக் கிராம உத்தியோகத்தரின் சான்று வேண்டும். அவர் சான்று தர நீங்கள் அவருடைய பிரிவில் வசிக்கவேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பமும் கணக்கெடுப்பும் வசிக்கும் இடத்தை வைத்துத்தான். கொடுப்பனவு போய்ச் சேரும் வங்கிக் கணக்குக்கு மறுபடி அடையாள அட்டை வேண்டும்.

பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்ப்பதைப் பாருங்கள். பெற்றோர் எத்தனை ஆண்டுகளாக வாக்காளர் இடாப்பில் அந்த விலாசத்தில் இருக்கிறார்கள், வீட்டுக்கு என்ன ஆவணம் இருக்கிறது, பாடசாலை எவ்வளவு பக்கம் என்பதற்கெல்லாம் புள்ளி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வீடு மாறும் குடும்பம் அந்தப் புள்ளிகளைச் சேர்ப்பது எப்படி? கொழும்பில் பல வீட்டுக்காரர்கள் வாடகைக்கு இருப்பவர்களின் பெயரைத் தங்கள் விலாசத்தில் பதிய விடுவதில்லை. பதிந்தால் பிறகு வீட்டுக்கு உரிமை கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் பெரிய அடிப்படை இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதால் மட்டும் வீடு யாருக்கும் சொந்தமாகாது. ஆனாலும் பயம் பயம்தான்.

ஆகவே வீட்டைத் தக்கவைக்க உதவுபவர் ஒரு பைல் வாங்கிக் கொடுப்பார். கேலியாகத் தோன்றலாம், ஆனால் அந்தப் பைல் இல்லாமல் எதுவும் நகராது. பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, வாடகைத் துண்டுகள், லைட் பில், தண்ணீர் பில், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், கிளினிக் புத்தகம். மழைக்கு ஒழுகும் வீட்டில் அது பொலித்தீனில் சுற்றப்பட்டு உயரத்தில் இருக்கவேண்டும். களனி கங்கை பெருக்கெடுக்கும்போது முதலில் எடுத்துக்கொண்டு ஓடவேண்டியதும் அதுதான். படிவம் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேளுங்கள். அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. நடைமுறையில் அதற்கு இன்னொரு நாள் அலைய வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் எந்தப் பக்கம்?

எல்லாருடைய நிலையும் ஒன்றல்ல. யாருடைய காணியில், என்ன ஆவணத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். இதைத் தெரியாமல் ஆலோசனை சொல்பவர்கள் கெடுதல் செய்கிறார்கள்.

தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வலுவான பாதுகாப்பைத் தந்தது. அப்படிப் பாதுகாப்புப் பெற்ற பழைய குடியிருப்பாளர்கள் கொழும்பில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பிற்காலத் திருத்தங்கள் அதன் எல்லையைச் சுருக்கிவிட்டன. இன்றைக்குப் புதிதாக வீடு எடுப்பவர் அதை நம்பி இருக்க முடியாது. 2023இல் வந்த 1ஆம் இலக்கச் சட்டம் மறுபக்கம் நிற்கிறது. குத்தகை முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து உரிமையாளர் வீட்டை விரைவான நீதிமன்ற நடைமுறையில் மீட்க அது வழி செய்கிறது. ஆகவே எதில் கையெழுத்து வைக்கிறோம், எந்தத் திகதியில் முடிகிறது என்பதை வாசித்துவிட்டே கையெழுத்து வையுங்கள். மற்றபடி, பூட்டை மாற்றிச் சாமானை ஒழுங்கையில் எறிவது வீட்டுக்காரர் தானாகச் செய்யக்கூடிய காரியமல்ல. வெளியேற்றுவதற்கு நீதிமன்றம் இருக்கிறது.

அரச காணியில் இருப்பவருக்கு நிலைமை கடினம். 1979ஆம் ஆண்டின் அரச காணிகள் மீட்புச் சட்டத்தின்படி அதிகாரி அறிவித்தல் கொடுத்துவிட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே குடியிருப்பவர் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: செல்லுபடியான எழுத்து மூல அனுமதி. நாற்பது வருடம் இருந்தோம், பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆதலால் முடுக்குகளிலும் கால்வாய்க் கரையிலும் இருப்பவர்களுக்கு அந்தப் பழைய அனுமதிக் கடதாசியும் கணக்கெடுப்பு அட்டையும் பொன்னைவிடப் பெறுமதி.

காசு கொடுத்து வழக்கறிஞர் வைக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். சிறு தகராறுகளை மத்தியஸ்த சபை பேசித் தீர்த்து வைக்கும். வீட்டுக்காரரோடு தொடர்ந்து முகம் பார்த்து வாழவேண்டியவர்களுக்கு வழக்கைவிட அது நல்லது. கணவனின் அடியிலிருந்து வெளியேறும் பெண் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம். அவருக்கு அன்றிரவு தங்க இடம் வேண்டும். ஒப்பந்தமும் துண்டும் அதற்குப் பிறகுதான்.

கிடைத்த வீடு ஏன் நிலைப்பதில்லை

கொழும்பில் இதற்குப் பெரிய பாடம் தொடர்மாடிகள்தான். 2001இல் வனாத்தமுல்லையில் எழுந்த சஹஸ்புரவில் 671 வீடுகள். 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டத்தில் தெமட்டகொடை, முகத்துவாரம், ஹேனமுல்லை என்று வரிசையாகப் பல மாடிகள் எழுந்தன. முடுக்கில் இருந்தவர்களுக்குக் கழிப்பறையோடு சொந்த வீடு கிடைத்தது, வெள்ளம் வராது, இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் போனவர்கள் எல்லோரும் விரும்பிப் போகவில்லை. கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகளை 2010 மே மாதத்தில் இடித்தபோது அங்கே இருந்தவர்களுக்கு மூட்டை கட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடந்தது? பல குடும்பங்களிடம் பத்து லட்சம் ரூபாய் வரை மாதத் தவணையில் இருபது, முப்பது வருடத்துக்குக் கேட்டார்கள். முடுக்கில் வாடகையே இல்லாமல் இருந்தவருக்கு இப்போது தவணை, பராமரிப்புக் காசு, லைட் பில், தண்ணீர் பில். வாசலில் அப்பம் சுட்டு விற்ற அக்கா பன்னிரண்டாம் மாடியிலிருந்து யாருக்கு விற்பார்? லிப்ட் பழுதானால் முழங்கால் வலியுள்ள தாத்தா வீட்டுக் கைதியாகிறார். பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போன தாய்க்கு, குலுக்கலில் கிடைத்த மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியவில்லை. நானூறு சதுர அடி வீட்டுக்குள் மூன்று தலைமுறை. கடன் முற்றியதும் சிலர் வீட்டை யாருக்கோ கைமாற்றிவிட்டு மறுபடி ஏதோ ஒரு முடுக்குக்குப் போய்விட்டார்கள். வீடு கொடுக்கப்பட்டது, குடியிருப்புத் தங்கவில்லை.

தங்க வைக்க என்ன வேண்டியிருந்தது? பெரிய விடயங்கள் இல்லை. குடிபுகுந்த முதல் மூன்று மாதம் யாராவது வந்து போவது; பில் எப்படி வாசிப்பது, எங்கே கட்டுவது என்று காட்டுவது; தவணை தவறும் முதல் மாதமே பேசுவது, ஆறாவது மாதத்தில் சிவப்பு எழுத்து நோட்டீஸ் அனுப்புவது அல்ல; கீழ்மாடியில் அப்பக் கடைக்கு ஒரு மூலை; நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கீழ்த்தள வீடு.

சேமிப்பும் இதில் சேரும். கொழும்புத் தோட்டங்களில் 1990ஐ ஒட்டிய காலத்தில் தொடங்கிய மகளிர் வங்கி இதற்கு நல்ல உதாரணம். அயல் வீட்டுப் பெண்கள் சிறு சிறு குழுவாகச் சேர்ந்து கிழமைக்கு ஒருமுறை ஐந்து, பத்து ரூபாய் போட்டுத் தொடங்கினார்கள். தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்தார்கள். பிணையாக நின்றது அயலாரின் நம்பிக்கைதான். சீட்டுக்குப் பழகிய நம் பெண்களுக்கு இதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. ஒரு மாத வாடகை அளவுக்குக் கையில் சேமிப்பு இருக்கும் குடும்பம் முதல் இடறலில் விழாது. நான் முன்னால் சொன்ன சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

முதலில் வீடு

வெளிநாட்டில் ஒரு சிந்தனை இருக்கிறது. 1992இல் நியூயோர்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கியது. அதுவரை வீதியில் இருப்பவரிடம், குடியை விடு, மருந்தை ஒழுங்காக எடு, விடுதியில் ஒழுக்கமாக இரு, பிறகு வீடு தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். அவர் திருப்பிப் போட்டார்: முதலில் வீடு, மற்றதெல்லாம் அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே. பின்லாந்து 2008இலிருந்து இதை அரச கொள்கையாகவே நடத்தி, நீண்டகாலம் வீடற்று இருந்தவர்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது. வீதியில் படுத்துக்கொண்டு மருந்தை நேரத்துக்கு எடுப்பது எப்படி என்று யோசித்தால் இதன் நியாயம் விளங்கும்.

இங்கே வந்த வழி வேறு. 1841இல் பிரித்தானியர் எழுதிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், வேலையும் வீடும் இல்லாமல் திரிவதையே குற்றமாக்கியது. அந்த வழியில் பிடிபட்டவர்களை நீதவான் முன் நிறுத்தித் தடுப்பு இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அம்பலாந்தோட்டைப் பக்கம் ரிதியகமவில் இருப்பது அப்படி ஒன்று. ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக ஐக்கிய நாடுகள் கடைப்பிடித்தது; அந்த யோசனையை உலகுக்கு வைத்ததே இலங்கைதான். பிரேமதாச பிரதமராக இருந்த காலம், பத்து லட்சம் வீடுகள் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அரசே கட்டிக் கொடுப்பதைவிடக் குடும்பம் தானே கட்டிக்கொள்ளச் சிறு கடனும் காணி உறுதியும் கொடுப்பது என்று அந்தத் திட்டம் போனது. கையில் சட்டமும் திட்டமும் முரணாக இருந்தாலும் யோசனைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

உதவ நினைப்பவருக்கு

பணம் இருப்பவர் பணம் கொடுக்கலாம், ஆனால் வாடகையை வீட்டுக்காரர் கையிலேயே கட்டி, குடியிருப்பவர் பெயரில் துண்டு வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். அடுத்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் வீடு தர யோசிப்பார். எங்கே இருப்பது என்று அவருக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். குடிக்கிற கணவனை விட்டுவிட்டு வந்தால்தான் உதவுவேன் என்று பெண்ணிடம் பேரம் பேசாதீர்கள். தவணை ஒருமுறை தவறினால் கோபித்துக்கொண்டு போகாதீர்கள். தவறும் என்று எதிர்பார்த்துத்தான் இந்த வேலையே இருக்கிறது.

சரி, நாம் தொடங்கிய குடும்பத்துக்கு வருவோம். பாக்கி 50,000இல் 30,000ஐக் கோயிலிலிருந்தும் முதலாளியிடமிருந்தும் சேர்த்துக் கட்டியாயிற்று என்று வைப்போம். மிச்சம் 20,000 மாதம் ஐயாயிரமாக நாலு தவணை. வீட்டுக்கார அங்கிள் ஒப்புக்கொண்டு ஒரு கொப்பித் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். நாட்டாமை அண்ணனுக்கு மூட்டை தூக்க முடியாது. இடுப்பு தேறும்வரை ஒரு மொத்தக் கடையில் துண்டு எழுதும் வேலை. பைல் வாங்கியாயிற்று. அடுத்த முறை கிராம உத்தியோகத்தர் வாக்காளர் படிவத்தோடு வரும்போது தங்கள் பெயரையும் போடச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று அக்கா முடிவு செய்திருக்கிறார், மூத்தவளுக்கு அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் ஐந்து வயது. அங்கிளிடம் ஒருமுறை சாடையாகக் கேட்டும் பார்த்தார். "பார்ப்போம்" என்றாராம்.